யாரும் புழங்காத கிணறு

அந்தக் கம்பெனிக்காரர்களைத் திட்டலாமென்று பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. என் வயிற்றெரிச்சலே அதுதான். கொஞ்சம் அடாவடியாக நடந்திருந்தால், ஊரில் ஒரு ஆளையாவது அதட்டிப் பேசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்திருப்பேன். அவர்களோ வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு வருகிற ஆட்கள்.

என் பிறந்த ஊர் பொட்டிப்புரத்துப் பக்கம். மானாவாரிக் காடு. ஆடி மாதம் காற்று ஆளைத் தள்ளும், சோற்றில் மண் விழாமல் சாப்பிட முடியாது. அந்தக் காற்றை நம்பிக் காற்றாலைகள் வந்தன. காற்றாலைகளுக்கு இறக்கை செய்ய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்தது. பலபேர் காட்டை விற்றார்கள். என் சித்தப்பாவும் விற்றுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அப்பா இறந்த பிறகு அம்மா மட்டும் ஊரில் இருந்தாள். நான் உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாள்.

கம்பெனி ஊருக்குச் செய்யாதது இல்லை. பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டினார்கள். கண் டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அந்த நீள இறக்கையை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பும்போது ரோட்டில் கொடி பிடித்து நிற்க ஆள் போட்டார்கள். இறக்கை ஒட்டுகிற பசை நாற்றம் குமட்டுகிறது என்று ஊர் சொன்னதும் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். மாதம் ஒரு கூட்டம் போட்டு, வடையும் டீயும் கொடுத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களா, குறை சொல்லப் போய் வடையில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்த மகராசன்கள்.

சித்தப்பா விற்ற காட்டின் மூலையில் ஒரு கிணறு இருந்தது. கல் கட்டிய பழைய கிணறு. அதில்தான் என் தங்கச்சி செத்துப்போனாள். அம்மாவும் அப்பாவும் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் தண்ணீர் மொள்ளப் போனாள், படியில் பாசி. ஒன்பது வயது. நான் அப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை, ஆடு மாட்டுக்குக்கூடக் காட்டவில்லை.

வயசுக்கு வராமல் செத்த பிள்ளை எங்கள் வீடுகளில் கன்னிச் சாமி ஆகிவிடுவாள். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பாவாடை சட்டை எடுத்து, ரிப்பனும் கண்ணாடி வளையலும் வைத்து, மாவிடித்துக் கும்பிடுவோம். அம்மா அதைக் கிணற்று மேட்டில்தான் கும்பிடுவாள். போன வருஷத்துப் பாவாடையைச் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். சின்னமனூரில் வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்காரர், "ஏன் ஆத்தா, ஒங்க வீட்ல ஒம்பது வயசுப் புள்ள தீரவே தீராதா?" என்று கேலி செய்வார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "ஆமாய்யா, எங்க வீட்ல அப்பிடித்தேன்" என்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆகாது. நான் கடைக்கு வெளியே வந்து நின்றுகொள்வேன்.

இந்தச் சாமியைப் பற்றி வெளியாட்களிடம் மூச்சு விடக்கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. எங்களுக்குள்ளேயே "நம்ம புள்ள" என்றுதான் பேச்சு. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும், பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்பது அம்மாவின் பயம்.

கம்பெனி காட்டை வாங்கியபிறகும் அந்த மூலையை வேலி போடாமல் விட்டிருந்தது. அம்மா எப்போதும்போல் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு அங்கே இறக்கை செய்ய இரண்டாவது கொட்டகை கட்டப் போவதாகச் சொன்னார்கள். கட்டுவதற்கு முன்னால் வீடு வீடாக ஆள் அனுப்பி, கட்டினால் உங்களுக்கு என்ன இடைஞ்சல், எந்தப் பாதை வேண்டும், எந்த மரம் வேண்டும் என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டுவிட்டுக் கட்டுகிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்கு வந்தது கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. கம்பெனியில் ஊர்க்காரியங்களைப் பார்க்கிற வேலை அவளுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா போனில் குதூகலமாகச் சொன்னாள்: "கம்பெனிலருந்து ஒரு புள்ள வந்துச்சுடி. நல்ல கொணம். காப்பி குடுத்தேன், கிளாசக்கூடக் கழுவி வச்சுட்டுப் போகுது." கிணற்றைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து வந்த ஆடி வெள்ளிக்கு அம்மா பாவாடை சட்டையோடு போனாள். புது வேலி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் தரை மட்டமாக இருந்தது. கிணறு இருந்த சுவடே இல்லை. காவலாளி பாவம், நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அம்மா அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். "கெணத்தக் காணம்டி" என்றாள்.

நான் கட்டிய சேலையோடு பஸ் ஏறினேன். நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போய் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, ஒங்க வீட்டுப் புள்ள படுத்திருந்தா இப்பிடி மண்ணப் போட்டு மூடுவியாடி? சோத்தத்தான திங்கிறீக?" என்று கத்தினேன். ஆபீசே எழுந்து நின்றது. அவள் பயந்துபோய், "எந்தப் பிள்ளை அக்கா? எனக்குப் புரியலையே" என்றாள். நான் சொன்னேன். வெளியாளிடம் சொல்லக்கூடாத அவ்வளவையும், அவளுக்கும் பின்னால் நின்ற கணக்கருக்கும் டீ கொண்டுவந்த அம்மாளுக்கும் கேட்கிற மாதிரி, சொல்லித் தீர்த்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தக் கிணறு வேணுமான்னு உங்க அம்மாகிட்டதான் கேட்டேன். அவங்க வீட்டுக்கு நேரா தெரியுதேன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அது யாரும் புழங்காத கிணறு, அங்கன ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கக்கா."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா. நாந்தேன் சொன்னேன்."

"ஏம்மா? ஏன் அப்பிடிச் சொன்ன?"

"பின்ன என்னடி சொல்லச் சொல்ற? முன்னப்பின்ன தெரியாத புள்ள. எம்மக இங்கன இருக்கான்னு அதுகிட்டச் சொல்ல முடியுமா? அந்தக் கெணறு வேணுமான்னுதேன் கேட்டுச்சு... மூடிப்புடுவாகன்னு எனக்கு என்னடி தெரியும்? யாரும் புழங்காத கெணத்த எதுக்கு மூடப்போறாக, அது பாட்டுக்குக் கெடக்கும்னு நெனச்சேன்."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்த சொம்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அம்மா எழுந்துபோய் அதை எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணும், தேனியில் தங்கியிருந்த பெரிய மேனேஜரும் வீட்டுக்கு வந்தார்கள். மேனேஜர் கீழே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டார். கம்பெனி வாசலுக்கு வெளியே நல்ல இடம் பார்த்து, பளிங்குக் கல் நட்டு, சுற்றிப் பூச்செடி வைத்துத் தருவதாகச் சொன்னார். கல்லில் பிள்ளையின் பெயரைப் பொறிக்கலாம், போட்டோ இருந்தால் அதையும் பதிக்கலாம் என்றார். "பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ ஒன்றுகூட எடுத்ததில்லை. பெயரை அவள் சொல்லப்போவதில்லை. மேனேஜருக்குச் சங்கடமாகப் போய், "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை" என்றார். அப்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த எடத்துல ஒருக்கா நின்னு கும்பிட்டுக்கிறேன். விடுவீகளா?"

விட்டார்கள். கட்டி முடிகிறவரை உள்ளே ஆள் வரக்கூடாதாம்; நாங்கள் போனபோது கொட்டகை முடிந்து வேலை தொடங்கியிருந்தது. எங்களை அழைத்துவரக் காரே அனுப்பினார்கள். அம்மாவின் கொண்டைக்குமேல் தலைக்கவசம் உட்காரவில்லை. அந்தப் பெண்ணே பொறுமையாகக் கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டு மாட்டிவிட்டாள். செருப்புக்குப் பதில் கனத்த பூட்ஸ். மடியில் பாவாடை சட்டைப் பொட்டலத்தோடு, தள்ளாடித் தள்ளாடி, அம்மா அந்தப் பெரிய கொட்டகைக்குள் நடந்தாள். இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். அறுக்கிறார்கள், தேய்க்கிறார்கள், காது அடைத்துக்கொண்டது. ஒரு இறக்கை கொட்டகையின் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த வழவழப்பான தரையில், பழைய வரைபடத்தைப் பார்த்து அளந்து, மஞ்சள் நாடா ஒட்டி வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கிணறு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். அந்த அக்கறையைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன்.

மேனேஜர் கையைக் காட்டினார். ஒவ்வொரு இயந்திரமாக நின்றது. எங்கள் ஊர் ஆட்கள் பலபேர் அங்கே வேலையில் இருந்தார்கள்; கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அம்மா வட்டத்துக்குள் போகவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பாவாடையைத் தரையில் விரித்தாள். வளையலை எடுத்து மேலே வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் உருண்டு ஓடியது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கும்பிடவே இல்லை. நின்றுகொண்டிருந்த ஆட்களை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மடித்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண், "அம்மா, வருஷா வருஷம் ஆடி வெள்ளிக்கு நாங்களே ஏற்பாடு பண்ணிடறோம். நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "வேணாம் தாயி. அவ இங்கன இல்ல. சின்னப்புள்ளல்ல? இந்தச் சத்தத்துக்குப் பயந்து எந்திரிச்சுப் போயிருப்பா. எங்கிட்டுப் போனான்னுதேன் தெரியல."