புளி போட்டுத் தேய்த்த காசு

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒல்லி உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். லைனில் ஒரே பார்வையில் பார்ட்டை ரிஜெக்ட் செய்கிறவர், ஒரு செப்புக்காசிடம் மாட்டிக்கொண்டார். கலீபாக்கள் காலத்து அரபுக் காசு என்று யாரோ விற்றது. தினமும் லென்ஸும் கையுமாகத் தவிப்பார்.

"ஓரத்துல வார்ப்புக் கோடு இல்ல சார், அச்சுல ஊத்தின டூப்பு இல்ல. ஆனா இந்தப் பச்சைக் களிம்பு தானா ஏறினதா, ஆசிட் ஊத்தி ஏத்தினதா? அதுலதான் எல்லாமே கீது."

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்தபோது காசு பளபளவென்று மின்னியது.

"வூட்ல குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சுட்டாங்க சார். இனிமே எவனாலயும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு சன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார். இப்போதெல்லாம் மண்ணூர் தாண்டுவதற்குள் குறட்டை கேட்கிறது. அசலா போலியா என்று எனக்குத்தான் மண்டையைக் குடைகிறது.