சேச்சியின் நொச்சி

திருப்பூணித்துறை வீட்டு வேலியோரம் நொச்சி இலையைக் கிள்ளிக் கசக்கினேன். அந்தக் காரமான வாசனை என்னை எழுபதுகளின் மட்டாஞ்சேரிக்கு இழுத்துப் போனது.

அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க, தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து டிரம்மில் நிரப்பி வைப்போம். பங்குனி வெயிலில் எங்கள் துளசி கருகிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு ரோசிலி சேச்சியின் நொச்சி மட்டும் நீலமாய்ப் பூத்து, தேனீ மொய்க்க நின்றது.

“நம்ம டிரம்முலேந்துதான் எடுத்து ஊத்தறா” என்றாள் அம்மா. வெளியே கிளம்பும்போதெல்லாம் டிரம்மின் உள்ளே தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டாள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும்.

“கோட்டையும் மாத்திப் போட்டிருப்பா.”

சேச்சி ஒருநாள் தானே ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தாள். “நட்டு விட்டாப் போதும் மாமி. அதுக்கு அதிகம் தண்ணி வேண்டா.”

அம்மா நம்புவாளா? எங்களுக்குக் குடிக்க அளந்து கொடுத்துவிட்டு, கொம்புக்குச் செம்பு செம்பாய் ஊற்றினாள். அது அழுகிப்போனது.

“செத்த கொம்பாப் பாத்துக் குடுத்திருக்கா!”

எண்பதைத் தாண்டிய அம்மா இப்போது என் பின்னால் வந்து நின்று, நொச்சிப்பூவையும் தேனீக்களையும் முறைத்தாள்.

“எவ்வளவு தண்ணி விடறே?”

“விடறதே இல்லம்மா.”

குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

“ஓகோ, நீயும் அவ கட்சிதானா?”