கனகம்மாசத்திரம் வரை நான், அதற்குப் பிறகு அவர்

அந்த நர்சிங் ஹோமில் நான் மூன்று வருஷம் நர்ஸாக இருந்தேன். மயக்க மருந்து டாக்டர் எங்களுக்கென்று தனியாகக் கிடையாது. ரயிலில் வருவார், மயக்கம் கொடுப்பார், அடுத்த ஊர் ஆபரேஷனுக்கு ரயில் ஏறிவிடுவார். நோயாளி கண் திறப்பதற்குள் அவர் அரக்கோணம் தாண்டியிருப்பார். திருத்தணியில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். கரும்பு வெட்டப் போகிறவள், நாற்பது வயதிருக்கும். தியேட்டருக்குள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் முழிச்சிக்கிற வரிக்கும் பக்கத்துலயே இருப்பியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆங், இங்கதான் இருப்பேன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்வது எங்கள் வேலையில் பாதி.

தையல் முடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் முழுசா தெளியல. பார்த்துக்கோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசவ அறையிலிருந்து முதலாளி டாக்டர் கூப்பிட்டார். எழுந்து போனேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், கூடவும் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

முதலாளி ஓடி வந்தார். மறுபடி குழாய் போட்டார், நெஞ்சை அழுத்தினார், ஊசி போட்டார். அரை மணி நேரம் ஆகியும் மானிட்டரில் கோடு நேராகவே ஓடியது. அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார். பிறகு கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இங்க செத்ததா இருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்து. பையை அமுக்கிகினே போ. மிச்சத்த அவங்க சொல்லட்டும்."

அதற்கும் தலையாட்டினேன். குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கினால் காற்று உள்ளே போய் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். பார்ப்பவர்களுக்கு அது மூச்சு.

ஆம்புலன்ஸில் அவள் புருஷன் எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"மூச்சு வுட்டுகினுதான் கீறா, இல்ல சிஸ்டரம்மா?"

"ஆங்."

"காலு சில்லுனு கீதே."

"தியேட்டர்ல ஏசிங்க. அதான்."

வெளியே காவடிக் கூட்டம். சைரன் கேட்டதும் மொட்டைத் தலையில் சந்தனம் காயாதவர்கள்கூட ஓரமாக ஒதுங்கி, ஜன்னலைப் பார்த்து முருகா முருகா என்று கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு யாரும் அப்படி வழி விட்டிருக்க மாட்டார்கள்.

கனகம்மாசத்திரம் வந்தபோது என் விரல்கள் மரத்துவிட்டன. அவர் கவனித்துவிட்டார்.

"கை நோவுதாம்மா? என்கிட்ட குடு. எப்டின்னு சொல்லு, நான் அமுக்குறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிஜமாகவே கை வலித்தது, கொடுத்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒரு அமுக்கு என்று கற்றும் கொடுத்தேன். அவர் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியும் துடைக்கவில்லை. துடைத்தால் எண்ணிக்கை போய்விடும் என்ற பயம். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டியூட்டி டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "உயிர் இல்லைங்க. பையை விடுங்க" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னார். புருஷன் விடவில்லை. இன்னும் நான்கைந்து முறை அமுக்கினார். அப்புறம்தான் விட்டார்.

அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டார்: "நீ அமுக்குற வரிக்கும் நல்லாத்தானே மூச்சு வுட்டுகினு இருந்தா. நான் வாங்குன அப்புறம் எங்கயோ எண்றதுல தப்பு பண்ணிட்டனா சிஸ்டரம்மா?"

"தெரியலைங்க" என்றேன்.