காலித் தட்டுக்கு வந்தவள்

போலந்தின் யெலோன்கா வட்டாரத்தில் ஏரிகள் அதிகம், ஆட்கள் குறைவு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட போலந்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஊர்ப்பெயர்களெல்லாம் மாறின. யாரும் குடியேறாத ஊர்களைப் பைன் காடு விழுங்கியது. காட்டு நடுவே திடீரென்று லைலாக் செடி பூத்திருந்தால், அங்கே ஒரு வீட்டு வாசல் இருந்தது என்று அர்த்தம்.

லெயோகாதியா கல்யாணமான கையோடு அங்கே வந்து இறங்கியவள். அவர்களுக்கு ஒதுக்கிய வீட்டில் அடுப்புச் சாம்பல்கூட அள்ளப்படவில்லை. அன்று பிடித்தது பயம்: வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து கேட்டால்? கணவன் செனோன் அவளுக்கும் மேல். முப்பது வருஷமாகக் கூரை ஒழுகியும் மனுஷன் ஏறிப் பார்க்கவில்லை.

"அடுத்தவன் வீட்டுக்கு நான் ஏன் ஓடு மாத்தணும்?"

"அடுத்தவன் வீட்டு மழையில நான் மட்டும் ஏன் நனையணும்?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்ததும், எதிர்பாராத விருந்தாளிக்கென்று மேஜையில் கூடுதலாக ஒரு தட்டு வைப்பார்கள். எல்லா வீட்டிலும் வைப்பதுதான், எவரும் வந்ததில்லை. அந்த வருஷம் கதவு தட்டப்பட்டது.

பனி அப்பிய கோட்டோடு ஒரு கிழவி.

"உள்ள வாங்கம்மா, உக்காருங்க," என்றான் செனோன்.

கிழவி அடுப்புக்குப் பின்னாலிருந்த இருட்டில் கையை விட்டு, அங்கிருந்த ஆணியில் கோட்டை மாட்டினாள். அந்த ஆணி இருப்பதே லெயோகாதியாவுக்கு இந்த வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

கிழவி மீனைத் தொடவில்லை. உலர்த்திய ஆப்பிள் போட்டுக் காய்ச்சிய இனிப்புச் சாற்றை மட்டும் குடித்தாள். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினாள்.

லெயோகாதியாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டைக் கேக்கத்தானே வந்தீங்க? சொல்லிடுங்க."

"வீடு எனக்கு எதுக்கு?" போலிஷ் மொழி கிழவிக்குத் தட்டுத்தடுமாறி வந்தது. "இது முற்றத்து மரத்து ஆப்பிளா?"

செனோனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம்மா! இப்படி இனிப்பா காய்க்கிற மரம் இந்த வட்டாரத்துலயே கிடையாது."

"என் மக ட்ரூடே அதுக்கு அடியிலதான் இருக்கா. போர் முடியற சமயம், காய்ச்சல்ல போயிட்டா. சிலுவை வெச்சா, ஏதோ புதையல்னு பட்டாளத்துக்காரங்க தோண்டிடுவாங்க. அதான் கன்னு நட்டேன். நீங்க வந்தப்ப முழங்கால் உசரம் இருந்திருக்கும்."

செனோன் கரண்டியைக் கீழே வைத்தான்.

கிழவி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "வீட்டை நீயே வெச்சுக்கோ, மகளே. அவளையும் நீயே பாத்துக்கோ. இனிமே நான் வரமாட்டேன்."

சாற்றிலிருந்து எடுத்து வாயில் போட்டிருந்த ஆப்பிள் துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் லெயோகாதியா நின்றாள். இந்த வீட்டை யாராவது வந்து திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று முதன்முறையாக ஏங்கினாள்.