முன்பக்கம் அன்ரன் செய்தது

பழைய அமெரிக்கக் காரின் என்ஜினைப் பார்க்க ஊரே கூடும். அதை நேராகப் போகவைக்கும் முன்சக்கர உறுப்புகளைப் பார்க்க ஒருவரும் குனிவதில்லை. பதினொரு வருடமாக நான் அங்கேதான் மல்லாக்கப் படுத்துக்கிடக்கிறேன். பலேர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், மீன் வாசமும் கிறீஸ் வாசமும் சண்டை பிடிக்கும் ஒரு கராஜ். வேலை உங்களுடையதாகவும் பெயர் இன்னொருவருடையதாகவும் இருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். இங்கே வருகிற இத்தாலிக்காரர் பேச்சையெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில்தான் தரப்போகிறேன்.

ஓர் எழுத்து

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. முன்பக்க வேலை முடிந்ததும், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் இரும்புச் சட்டத்தில், பொறுப்பேற்பவர் தன் பெயரின் முதல் எழுத்தைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார். எழுத்து யாருடையதோ, அவரே காரை மொன்ரியாலே மலையிலிருந்து முதல் தடவை இறக்கிக் காட்ட வேண்டும். முதலாளி சல்வோவின் 'எஸ்' பதிந்த கார் என்றால் சிசிலி முழுக்க ஒரு மதிப்பு. விற்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் குனிந்து பார்த்து உறுதிசெய்த மனிதரை நான் இன்னும் காணவில்லை.

நான் செய்த வேலைகளிலும் 'எஸ்'தான். என் 'ஏ' அச்சு பெட்டிக்குள் புதுசாகவே கிடந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். சல்வோ கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “உன்ரை கை எனக்குத் தெரியும், அன்ரன். ஆனா சனம் நம்பவேணுமே. ஒரு ஆளெண்டாலும் உன்ரை எழுத்தைக் கேட்டு வரட்டும், அண்டைக்கே அடி.”

அரம் போட்ட ஸ்பனர்

என்னோடு வேலை செய்பவர் குகன் அண்ணை. வன்னியில் இருபது வருடம் ட்ராக்டர் திருத்தியவர். யுத்தம் முடிந்த பிறகு இங்கே வந்தவர். அமெரிக்கக் கார் முழுக்க அங்குலக் கணக்கு, எங்கள் ஸ்பனர்கள் மில்லிமீற்றர். பதினாலு போட்டால் ஏறாது, பதினைந்து போட்டால் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். அங்குல ஸ்பனர் செட் கப்பலில் வரும்வரை காத்திருக்கும்படி சல்வோ சொல்லியிருந்தார்.

அண்ணை காத்திருக்கவில்லை. சல்வோவின் நல்ல பதினாலாம் நம்பர் ஸ்பனரை வைஸ் இடுக்கியில் பூட்டி, வாயை அரத்தால் ராவத் தொடங்கினார். ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் ஒருதரம் நட்டில் வைத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அது நட்டில் கையுறை மாதிரிப் பொருந்தியது. சல்வோ கத்தின கத்தலில் சந்தை மீன்காரர் எட்டிப்பார்த்தார். அண்ணை ஆறுதலாக என் பக்கம் திரும்பினார்: “தம்பி, இந்த ஆளுக்குச் சொல்லு, அமெரிக்கனை மாத்தேலாது, ஸ்பனரைத்தான் மாத்தலாம்.”

சொந்தக்காரக் கார்கள்

பகேரியாவில் கலியாணங்களுக்குக் கார் விடும் ரொசாலியா அம்மாவிடம், இங்கத்தைய மரியாதையில் சிஞ்ஞோராவிடம், மூன்று பழைய அமெரிக்கக் கார்கள் இருந்தன. அவற்றில் வெள்ளைத் திறந்த கார்தான் ராணி. ஆனால் மணமக்களோடு மொன்ரியாலே இறக்கத்தில் வரும்போது அதன் பழைய ட்றம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. முன்னுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று வந்தார். அந்தக் காருக்கு அப்படி ஒன்று கம்பனியிலேயே இருந்ததில்லை.

இங்கேதான் என் வித்தை. இந்தக் கார்களுக்குள் சொந்தபந்தம் அதிகம். பெயரும் உடம்பும் வேறாக இருக்கும், உள்ளே எலும்பு ஒன்றாக இருக்கும். எதன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை எதற்குப் பொருந்தும் என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து, பத்து வருடம் பிந்திய ஒரு காரின் ஸ்பிண்டிலை, அதாவது சக்கரம் ஏறி நிற்கும் வார்ப்பிரும்பை, டிஸ்க்கோடு நாப்போலியிலிருந்து துறைமுகத்துக்கு எடுப்பித்தேன். சிஞ்ஞோரா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு, நான் அங்கே இல்லாதது போலச் சொன்னார்: “சல்வோ, இவன் காரைக் கழுவட்டும். முன் சக்கரத்திலை நீ மட்டும் கை வை.”

கண்மை

கோபம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். சல்வோ தானே பூட்டினார், நான் சாமான் எடுத்துக் கொடுத்தேன். வியாழன் காலை வேலை முடிந்தது, சனிக்கிழமை கலியாணம். சல்வோ 'எஸ்' அச்சைக் கையில் எடுத்தபோது என் கண் 'போல் ஜொயின்ற்' மூட்டின் நட்டில் நின்றது. ஸ்பிண்டிலை இரும்புக் கையோடு பிணைக்கும் அந்தக் கூம்பு ஆணியில், நட்டுக்கு மேலே வழக்கத்தைவிட ஒரு மரைச் சுற்று கூடுதலாகத் தெரிந்தது. கழற்றிப் பார்ப்போம் என்றேன். இறுகிவிட்டது, விடு என்றார் சல்வோ. நான் விடவில்லை.

கூம்பு துளைக்குள் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒரு நீலப் பசை பூசுவோம். அது முடிந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். மனைவி றீற்றா, தான் வேலை செய்யும் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்மை டப்பாவைப் பறித்துக்கொண்டு திரும்பினேன். ஆணியில் மெல்லிசாகப் பூசி, துளையில் வைத்துத் திருகி, எடுத்தேன். துளையின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு கறுப்பு வளையம் மட்டும். கீழே எங்கேயும் இரும்பு இரும்பைத் தொடவில்லை. கொஞ்சத் தூரம் ஓடினால் ஆடத் தொடங்கும், மலை இறக்கத்தில் கழன்றாலும் கழலும். கொப்பியில் பொருந்தும் என்று எழுதியவன் நான்தான். கூம்பின் சரிவை எழுத மறந்திருந்தேன். அதையும் சொன்னேன். சல்வோ அச்சைக் கீழே வைத்தார்: “இதிலை நான் என்ரை எழுத்தை அடிக்கமாட்டன்.”

மூன்றாவது வளையம்

சரியான ஆணி அமெரிக்காவிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். துளையைப் பெருப்பித்து, உள்ளே ஒரு கூம்பு வளையம் கடைந்து இறுக்குகிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்து சிஞ்ஞோரா அழைத்தார். சல்வோ போனை என் கையில் திணித்தார். கூம்பு முழுக்கக் கறுப்புப் படாமல் கார் வெளியே வராது என்று சொன்னேன். “அதைச் சொல்ல நீ ஆர்?” என்றார். “ஆணியைக் கழட்டிப் பாத்தவன்” என்றேன். போனை வைத்துவிட்டுக் கடையத் தொடங்கினேன்.

முதல் வளையத்தில் பாதி கறுத்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதில் மை மேலிருந்து கீழ்வரை சீராகப் படிந்தது. குகன் அண்ணை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மற்றப் பக்கத்துக்கும் அதே அளவில் கடைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியோடு ஒரு கறுப்பு நிறத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளி பின்னேரம், எழுத்து இன்னும் விழாத காரை, வளையம் கடைந்தவன் என்ற முறையில் மொன்ரியாலேயிலிருந்து நானே இறக்கினேன். பக்கத்தில் சிஞ்ஞோரா, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி. பின்னால் மணப்பெண்ணின் இடத்தில் றீற்றா, மன்னாரில் எங்கள் கலியாணத்துக்குக் கட்டின கூறைச் சேலையோடு. நான்தான் வரச் சொன்னேன். என் வேலையை நான் நம்புகிறேன் என்று காட்ட வேறு வழி தெரியவில்லை. மோசமான வளைவுக்கு முன்னால் பிரேக்கை முழுக்க மிதித்தேன். கார் ஒரு பக்கமும் இழுக்காமல், கோடு கீறினது போல நின்றது. சிஞ்ஞோரா மூச்சு விட்டார். பின்னாலிருந்து குரல் வந்தது: “நல்லாத்தான் நிக்குது. என்ரை கண்மையை எப்ப திருப்பித் தாறியள்?”

பெட்டிக்குள் இருந்தது

கராஜுக்கு வந்ததும் காரைத் தூக்கினோம். சல்வோ பழக்கத்தில் 'எஸ்' அச்சை எடுத்தார். சிஞ்ஞோரா முதல்முறையாகக் காருக்குக் கீழே வந்து, குனிந்து, வளையம் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். கண்மையின் மிச்சம் அவருடைய விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை. மற்ற இரண்டு காரையும் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சல்வோவின் கையைப் பிடித்து நிறுத்தினார்: “அந்த எழுத்தைக் கீழை வையுங்கோ, சல்வோ. முன்பக்கம் அன்ரன் செய்தது.”

சனிக்கிழமைகளில் பலேர்மோவில் ஒரு வெள்ளைத் திறந்த கார் மணமக்களோடு போனால், அதில் என் 'ஏ' எழுத்து இருக்கிறது; பார்க்க ஆசையென்றால் நீங்களும் என்னைப் போல மல்லாக்கப் படுக்க வேண்டியதுதான்.