அக்கா திறக்காத பெட்டி

செல்விக்கா, உன் போனில் அந்த கேமை நான் இன்னும் அழிக்கவில்லை.

என் அக்கா இறந்து நாற்பது நாள் ஆகிறது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பாடாலூரில் பஞ்சர் கடையில் வேலை பார்ப்பவன். எனக்கு எழுத வராது. ஆனாலும் அவள் ஜெயித்ததை நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்வாள். துணைக்கு நான் போவேன். இடது கையில் ஊசி இருக்கும், நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. பொழுது போகட்டும் என்று முதலில் ஒரு புது கேமை ஏற்றிக் கொடுத்தேன். வானமும் மலையும் நிஜம் மாதிரியே இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டும், வேகமும் வேண்டும். பிரஷர் இறங்கி அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவளுடைய வீரன் செத்துக் கிடப்பான்.

அதனால் ஆர்பிஜி என்கிற வகையில் பழைய கேம் ஒன்றை ஏற்றினேன். கட்டம் கட்டமாகத் தெரியும் பொம்மைகள். வீரன் ஊர் ஊராகப் போய் விசாரித்து, சண்டை போட்டுப் பலம் ஏறி, கடைசியில் அரக்கனைக் கொல்ல வேண்டும். நம் முறை வந்தால், நாம் சொல்லும் வரை அரக்கனும் அசையாமல் நிற்பான். அக்கா அரை மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அப்படியே நிற்பான்.

"இவனுக்கு இருக்குற பொறுமை ஒனக்கு இல்லடா" என்பாள்.

அந்த கேமில் யார் வீட்டுக்குள்ளும் போய்ப் பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் அப்படித்தான் விளையாடுகிறார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆளில்லாத வூட்டுல போயி கைய வெப்பியா நீ?"

"பொம்ம வூடுக்கா அது."

"பொம்மன்னா திருடலாமா? போடா."

அரக்கனை வெட்டும் வாள் அப்படி ஒரு பெட்டியில்தான் இருந்தது. அது இல்லாமல் ஒன்பது முறை தோற்றாள். உடம்பும் இறங்கிக்கொண்டே வந்தது. முடிவைப் பார்க்காமலே போய்விடுவாளோ என்று பயந்து, அவள் கண்ணசந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து வாளை எடுத்து, சேவும் செய்துவிட்டேன்.

விழித்ததும் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன்பு வரை ஆடியதைச் சேமித்த பழைய சேவ் ஒன்று இருந்தது. அதைத் திறந்து அங்கிருந்தே மறுபடி ஆரம்பித்தாள். மூன்று வார உழைப்பும் போயிற்று.

"எனக்காகத்தான் எடுத்த, தெரியுது. ஆனா ஜெயிக்க வேண்டியது நான்ல?"

அதன் பிறகு ஒரு கையாலேயே காட்டில் குட்டிப் பேய்களை அடித்து அடித்துப் பலம் ஏற்றினாள். புது கேமில் அம்புக்குறி வழி காட்டும், திருடினால் காவலாளி வருவான். இந்தப் பழசு அவளைத் தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. நல்லவளாக இருப்பதை அவள் கையிலேயே விட்டுவிட்டது.

கடைசிச் சண்டை அன்று பக்கத்துக் கட்டில் ஜெயங்கொண்டத்து அம்மா தன் டயாலிசிஸ் முடிந்தும் கிளம்பவில்லை.

"பஸ்ஸு போனா போவுது பாப்பா. அவன் சாவறதப் பாத்துட்டுத்தான் போவேன்."

அரக்கன் விழுந்தான். வார்டே கைதட்டியது. நர்ஸம்மா ஓடிவந்து, "கைய ஆட்டாத செல்வி" என்று அதட்டிவிட்டு, தானும் திரையைப் பார்த்தபடி நின்றார். அக்கா கையை ஆட்டவே இல்லை. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒரு மாதத்தில் போய்விட்டாள். முடிவைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அவளுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பாவம் செல்வி என்று சொல்ல வேண்டாம். ஜெயித்தவள் என்று சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.