ரெசின் பூசிய ஏழு பெட்டிகள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒயரிங் வேலைதான் பிழைப்பு. உச்சிப்புளியில் இருந்து பெரியபட்டினம் வரைக்கும் பல வீடுகளில் நான் வைத்த சுவிட்சைத்தான் தட்டுகிறார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு காலையில் மட்டும் அது ஒட்டவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கரையில் ஒயர்மேனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. கடையில் வாங்கும்போது பளபளக்கும் பித்தளைத் திருகு சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். அதற்கு நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் பூசுகிற ரெசினைப் படகுப் பட்டறையில் கொஞ்சம் வாங்கி வருவோம். ஒயர்கள் சேருகிற ஜங்ஷன் பெட்டியின் மூடியைச் சுற்றி அதைப் பூசிவிடுவோம். காய்ந்தால் கல். காற்று நுழையாது, எறும்பு நுழையாது. "அவன் பூசுன பெட்டியக் கடல்ல போட்டாலும் தண்ணி ஏறாது" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்கும் பிடிக்கும்.

பெரியபட்டினத்தில் ஒரு பாய் புதிதாக வீடு கட்டினார். வளைகுடாவில் ஓர் ஓட்டலில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். வீடு எழும்பியதெல்லாம் அவர் போனில் பார்த்ததுதான். ஜிப்சம் சீலிங்குக்கு மேலே ஏழு பெட்டிகள் வைத்தேன். ஏழிலும் ஒயர்களை இணைக்கத் திருகு வைத்த கனெக்டர். ஏழுக்கும் ரெசின். பிறகு சீலிங் போடுகிறவர் வந்து பலகை அடித்து, பட்டி பார்த்து, வெள்ளை பூசி மூடிவிட்டார். அவர் என் பழைய கூட்டாளி. போகிற வீட்டிலெல்லாம் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

பாய் லீவில் வந்து, குடிபுக நாளும் குறித்துவிட்டார். அந்த நேரத்தில் உச்சிப்புளியில் இருந்து ஓர் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஃபேன் நின்னு நின்னு ஓடுது. இஸ்திரி போட்டா என்னமோ கருகுற வாடை வருது. வந்து பாத்துட்டுப் போங்களேன்."

சில வருடங்களுக்கு முன் நான் ஒயரிங் செய்த வீடு. மெயினை அணைத்துவிட்டு, மாடிப்படிக்கு மேலே இருந்த பெட்டியை உளியால் உடைத்தேன். ரெசின் கொஞ்சமும் விட்டுக் கொடுக்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே துளி ஈரமில்லை, உப்பில்லை. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டு போனேன். ஒரு திருகு விரல் பட்டதும் ஆடியது. அதைச் சுற்றி பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் போலப் பழுத்து, ஓரத்தில் உருகி வழிந்திருந்தது.

அங்கேயே ஏணியில் உட்கார்ந்து யோசித்தேன். கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் திருகு மெல்ல இளகும். இளகினால் இன்னும் சூடாகும். அவ்வப்போது யாராவது ஒரு சுற்று முறுக்கிவிட வேண்டும். யாரும் திறக்க முடியாதபடி பூசி வைத்தவன் நான்தான். உப்பை வெளியே நிறுத்திவிட்டேன், நெருப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்த வீட்டைச் சரிசெய்துவிட்டு, கருகிய கனெக்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பெரியபட்டினம் போனேன். பாய் டீ கொடுத்தார். "போட்டோல பாத்தத விட நேர்ல நல்லா இருக்குண்ணே உங்க வேலை" என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"சொல்லாமயா வந்தீக? அந்த வீட்டுல சின்னப் பிள்ளைக படுக்கும். நீங்க வெக்கப்பட்டது போதும்" என்றாள்.

மறுநாள் காலையில் போனபோது கூட்டாளியும் அங்கே ஏணியில் நின்று, சீலிங் ஓரத்தில் விட்டுப்போன இடத்துக்கு வெள்ளை தொட்டுக்கொண்டிருந்தார். நான் கனெக்டரை எடுத்து பாயின் உள்ளங்கையில் வைத்தேன்.

"பாய், இது உச்சிப்புளி வீட்டுல எடுத்தது. நான் போட்டதுதான். இங்கனயும் இதேதான் போட்டிருக்கேன். மேல ஏழு இருக்கு. சீலிங்க வெட்டணும்."

என் வாழ்க்கையில் மூச்சு விடாமல் நான் பேசிய நீளமான பேச்சு அது. ஏணியில் இருந்து பிரஷ் கீழே விழுந்தது.

"ஏலே, காத்தால என்னலே குடிச்ச? நேத்துதான்டா கடைசிக் கோட்டு அடிச்சேன்!" என்று கத்தினார் கூட்டாளி.

பாய் கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அங்கன எங்க சூப்பர்வைசர் ஒரே கேள்விதான் கேப்பாரு" என்றார். "பெட்டி கைக்கு எட்டுமா, எட்டாதா? எட்டும்னா திருகு போட்டுக்க. எட்டாதுன்னா பராமரிப்பே தேவைப்படாத பெட்டி போடு. இது ரெண்டும் இல்லைன்னா பிரிச்சுப் போட்டுட்டுப் போ. போனுலயே நானும் கேட்டிருக்கணும். ரெசினப் பாத்து மயங்கிட்டேன்."

"அப்ப ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ ஒரு சின்னக் கதவு வச்சுருவோம் பாய். எட்டிரும்ல?" என்றார் கூட்டாளி.

பாயின் மனைவி அடுப்படியில் இருந்து, "ஏழு கதவா? இது சீலிங்கா, புறாக்கூடா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதோடு கதவுப் பேச்சு முடிந்தது.

பாயோடு வேலை பார்க்கிற ஒருவர் இரண்டு நாளில் லீவுக்கு ஊர் வருவதாக இருந்தார். பராமரிப்பே தேவைப்படாத பெட்டி ஏழு வாங்கி வரச் சொல்லி பாய் அவருக்குப் போன் போட்டார். எங்கள் பக்கத்தில் வருகிற ஆள் கையில் எல்லாம் வரும். பேரீச்சம்பழத்துக்கும் பால்பவுடர் டப்பாவுக்கும் நடுவில் ஏழு பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எம், எஃப் என்று இரண்டு எழுத்து. பராமரிப்பு தேவையில்லை என்பதற்கு அதுதான் குறி என்றார் பாய். அந்த இரண்டும் எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். கூட இருந்த தாளில் பொடிப் பொடியாக ஆங்கிலம்.

இதற்கு முன்பெல்லாம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புரிந்த மாதிரி வேலையைத் தொடங்கிவிடுவேன். இந்த முறை பாயிடம் நீட்டினேன். "படிச்சுச் சொல்லுங்க பாய், எனக்கு வராது." அவர் ஒரு வரி படிப்பார், நான் ஒரு வேலை செய்வேன்.

பெட்டிக்குள் திருகே இல்லை. ஸ்பிரிங் வைத்த கிளிப். தூக்கி, ஒயரை நுழைத்து, அமுக்கினால் பிடித்துக்கொள்கிறது. விரிந்தாலும் சுருங்கினாலும் ஸ்பிரிங் கூடவே அழுத்திக்கொண்டிருக்கும். ஒயரின் தோலைப் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டுமே உரிக்க வேண்டும். ஒரு துளைக்கு ஒரே ஒயர். மூடியைக் கருவி வைத்துத்தான் திறக்க முடியும். பெட்டியைச் சீலிங் பலகையில் சும்மா போட்டுவிடக் கூடாது, அசையாமல் மேலே பொருத்த வேண்டும்.

பெட்டியின் வாயில் ஒரு பிடி இருந்தது. அதில் என் தனித்தனி ஒயர்களைச் சேர்த்துக் கவ்வ வைத்தேன். பாய் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது ஒயருக்கு இல்லண்ணே, மேலுறை போட்ட கேபிளுக்கு. இழுத்தா பிடிதான் தாங்கணும், உள்ள இருக்கிற இணைப்புக்கு இழுவை போகக் கூடாது. இப்படிப் போட்டா வட்டத்துக்கு மரியாதை இல்ல." சீலிங்குக்கு மேலே ஓடிய ஒயரையெல்லாம் உருவிவிட்டு, கேபிளாக மாற்றினேன்.

"இதுவும் நாளாக நாளாக இளகாதுங்கிறதுக்கு என்ன உறுதி?" என்று கேட்டேன். நான் கேள்வி கேட்டது எனக்கே புதிது.

"சூடாக்கி ஆற வச்சு, சூடாக்கி ஆற வச்சு, திரும்பத் திரும்பச் சோதிச்ச பிறகுதான் அந்த வட்டத்தப் போட விடுவாங்க" என்றார். உச்சிப்புளி ஏணியில் நான் யோசித்ததையே, முன்பே யாரோ யோசித்துச் சோதனையாக வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்காரன் தனியாக உட்கார்ந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டாளி ஏழு இடத்தில் வெட்டி, நான் முடித்ததும் ஏழையும் ஒட்டித் தேய்த்து மறைத்தார். தேய்க்கும்போதெல்லாம், "நீ பேசாம இருந்தப்பவே நல்லா இருந்தலே" என்று புலம்பினார்.

குடிபுகும் நாளில் ஓதி முடித்ததும் பாய் என்னைக் கூப்பிட்டார். "மெயினை நீங்களே போடுங்கண்ணே." அத்தனை பேர் பார்க்கப் போட்டேன். கூடம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. வந்தவர்கள் சீலிங்கைப் பார்த்துக் கூட்டாளியைப் புகழ்ந்தார்கள். என் பெட்டிகளை ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் மட்டும், ஏழும் எங்கெங்கே இருக்கின்றன என்று என் கையெழுத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தேன்.

நெய்ச்சோற்றைச் சகனில், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டில் வைத்தார்கள். கூட்டாளியும் நானும் ஒரே சகன். இரண்டு வாய் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினார்.

"ஏன்லே, என் வீட்டுச் சீலிங்குக்கு மேல எத்தனை இருக்கு?"

"நாலு."

"ரெசினா?"

"ரெசின்தான்."

கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்துரு. வெட்டுறது நான்."

"ஞாயித்துக்கிழமை முடியாது. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு, அதுல வயசானவுக தனியா இருக்காக. அதுக்கு அடுத்ததுதான் நீ" என்றேன். சகனைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "அதுவரைக்கும் அந்த லைன அணைச்சு வை. ஒரு பிளக்கும் போடாத."

"சரிங்க சார்" என்றார் அவர், சோற்றை வாயில் போட்டுக்கொண்டே. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அதில் கிண்டல் இல்லை.